கார்பன் தாள்

பேகா ஆற்றங்கரையில் எங்கள் குளிர்பெட்டித் தொழிற்சாலை.
எழுபத்திரண்டாம் ஆண்டு, நவம்பர்.
தொழிலாளர் மன்றத்தில் இருபத்தெட்டுப் பேர்.
இருபத்தொன்பதாவதாக நான்,
தட்டச்சுக்காரி வில்மா.
குறிப்பெடுக்க மட்டும். வாக்கு கிடையாது.

தொழிற்சாலை யாருடையது என்று யார் கேட்டாலும்
எங்களுடையது என்போம்.
பொய்யில்லை.
பீன்ஸ் சூப்பா முட்டைக்கோஸ் சூப்பா என்று
நாற்பது நிமிடம் வாதாடி
பதினாறுக்குப் பன்னிரண்டில் முடிவெடுத்தோம்.
கதவுகளுக்கு வெளிர்பச்சை பூசலாமே என்றாள்
கூடம் பெருக்கும் யெல்கா.
வெள்ளைதான் விற்கும் என்றார் இயக்குநர்.
பச்சை வென்றது.
அந்தக் குளிர்காலம் முழுக்க
நோவி சாத் வரை எத்தனையோ சமையலறைகளில்
யெல்காவின் பச்சை
உறுமிக்கொண்டே இருந்தது.

சொல்லுங்கள், வேறெந்த ஊரில்
துடைப்பம் பிடித்த கை
இயக்குநரைத் தோற்கடித்திருக்கிறது?

குடியிருப்புகள் வந்தன. ஒன்பது வீடு, எழுபத்தொரு விண்ணப்பம்.
பிள்ளைகள் அதிகமுள்ளவர்களுக்கு முதலில் என்று தீர்மானம்.
காசு கொடுத்து யாரும் முந்தவில்லை.
(ஒருவர் வேறு வழியில் முந்தினார்.
அதை நான் எழுதவில்லை.)

அப்போதுதான் வெல்டர் பெர்தலான் எழுந்தான்.
கையில் கரி. குரலில் ஒரு கூச்சம்.
“சூப்பைத் தேர்ந்தெடுக்கிறோம்.
பெல்கிரேடிலிருந்து மணியடித்தால்
தொலைபேசியை எடுக்கிறாரே கட்சிச் செயலாளர்,
அவரை எப்போது தேர்ந்தெடுப்போம்?”

தொழிற்சாலையை விற்றுவிடு என்றா சொன்னான்?
எங்களுடையதை இன்னும் கொஞ்சம்
எங்களுடையதாக்கு என்றான், அவ்வளவுதான்.
வெந்நீர்க் குழாய் மட்டும் டொக் டொக்கென்றது.
நான் தட்டினேன்.
என் இயந்திரத்தில் மற்ற சாவிகளெல்லாம் தேய்ந்து
எழுத்தே மங்கியிருக்க,
கேள்விக்குறிச் சாவி
கடையில் வாங்கிய அன்றுபோலப் புதிதாயிருந்தது.

அடுத்த வியாழன். முதல் பொருள்:
கூட்டுணர்வைக் குலைத்த தோழரை நீக்குதல்.
அதே மேசை, அதே இருபத்தெட்டுப் பேர்,
பச்சைக்காக உயர்ந்த அதே கைகள்.
தூக்கிவிடுவதும் கைதான்,
கழுவிவிடுவதும் கைதான்.
ஆதரவு இருபத்தேழு. எதிர்ப்பு ஒன்று, அவனே.
விதிப்படி எல்லாம் சரி.
கள்ள வாக்கு இல்லை, யாரும் யாரையும் மிரட்டவில்லை.
காலையில் தொலைபேசி
ஒரே ஒருமுறை அடித்து ஓய்ந்தது.

முந்தைய வாரக் குறிப்பின் ஏழாம் பக்கத்தை
மறுபடி தட்டச் சொன்னார்கள், கேள்வி இல்லாமல்.
தட்டிக் கொடுத்தேன்.
பழைய கார்பன் தாளை மட்டும்
காலுறைக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

பிறகு நாடே போயிற்று.
தொழிற்சாலையை வியன்னாக்காரர் ஒருவர் வாங்கினார்.
இப்போது எதையும் பேசலாம்.
ஒருநாள் வாயிலில் நின்று உரக்கக் கத்தியும் பார்த்தேன்.
காவலாளி தடுக்கவில்லை.
காதில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது அவனுக்கு.
சூப்பைப் பற்றி யாரும் எங்களைக் கேட்கவில்லை.
சூப்பே இல்லை.

போன வசந்தத்தில் ஓர் ஆய்வாளர் படிவத்தோடு வந்தார்.
அன்று சுதந்திரமாக இருந்தீர்களா, இன்றா?
ஒரு கட்டத்தில் மட்டும் குறியிடுக.
முதல்முறையாக எனக்கும் வாக்கு!
பேனாவை வாங்கிக்கொண்டு கேட்டேன்,
மூன்றாவது கட்டம் எங்கே?
“இல்லை அம்மா, இரண்டுதான்” என்றார்.
கார்பன் தாளை ஜன்னலில் பிடித்துக் காட்டினேன்.
அவருக்கு அது வெறும் கறுப்பு.

பெர்தலான் சுபோத்திட்சாவில்
சைக்கிள் பழுதுபார்த்துப் பிழைத்தான்.
யெல்கா அவனையே மணந்துகொண்டதாகக் கேள்வி.
அந்த வியாழக்கிழமையைப் பற்றி
அவனிடம் சொன்னாளோ என்னவோ.
அவள் கை முழுதாக உயரவில்லை.
முழங்கை மேசையைவிட்டு எழவே இல்லை.
நான் பார்த்தேன்.
பார்த்தும் ஒன்று என்றுதான் எண்ணினேன்.
அரைக் கைக்கு
அன்று என்னிடமும் கட்டம் இல்லை.