மற்றத் தொங்கல்

மூவாயிரம் மணித்தியாலம் என்று புத்தகத்தில் இருந்தது.
சுவக்கீன் அதை எனக்கு வாசித்துக் காட்டினார்,
கரண்ட் இல்லாத ஒரு பங்குனி இரவில்,
சீட்டுக் காசு கேட்க வந்தவர் போல
பாதியை விழுங்கி.

இப்போது பதினோராம் வருசம்.
ஆறாவது சீஆர் கொப்பி நடக்கிறது.
சங்கத்தில் மீன்காரரின் கடனை எழுதுகிற கை
வீட்டில் இதை எழுதுகிறது:
ஏராவுக்கு ஈயம், ஆயிரத்து அறுநூறு கிலோ.
அறுந்த வலைகளின் குண்டு, லொறி பற்றறி,
ஆஸ்பத்திரி உடைத்தபோது ஏலத்தில் எடுத்த குழாய்.
பீப்பாவை அறுத்து அதை உருக்கிய அன்று
ஒழுங்கை முழுக்க இருமல்.

முப்பத்தொரு அடிப் பாய்மரப் படகு.
ஊர்காவற்றுறையில் எங்கள் வளவு
நீளப்பாட்டுக்கு ஐம்பது.
மிச்சத்தில் கிணறு, குசினி, இரண்டு ஆடு, நாங்கள்.

பசைக்கு வெயில் ஆகாது.
இரண்டு டப்பாவையும் கலந்தால்
சித்திரையில் கால் மணித்தியாலம்,
பிறகு கல்.
ஆகவே விடிய மூன்றரைக்கு எழும்புவோம்.
கோயில் மணி அடிக்க முந்தி ஒரு பலகை.
"மற்றத் தொங்கலைப் பிடி" என்பார்.
பிடிப்பேன்.
கல்யாணம் கட்டிய நாள்தொட்டு
அவர் எனக்குச் சொன்ன ஆக நீளமான வசனம் அதுதான் என்று
தங்கச்சிக்குச் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

நேவிக்காரர் வந்து நாடா பிடித்து அளந்தார்கள்.
அவுஸ்திரேலியாவுக்கோ, என்றார்கள்.
அவர்கள் போன அன்றிரவே
வேலிக்கு அங்காலை ஒரு பெடியன்:
"அன்ரி, தலைக்கு எவ்வளவு?"
இரண்டு பேருக்குத்தான் தம்பி படுக்கை, என்றேன்.
நம்பவில்லை.
தப்பி ஓடுகிறதுக்கு இல்லாத ஒரு வள்ளத்தை
இந்தக் கரையில் ஆர் நம்புவார்?

பிசின் விலை மூன்று மடங்கான வருசம்
தறப்பாளை இழுத்து மூடினோம்.
பதின்நாலு மாதம்.
கோழி உள்ளே போய் முட்டை இட்டது.
கொப்பியில் மணித்தியாலம்: பூச்சியம், பூச்சியம்.
ஒவ்வொரு பின்னேரமும் ஏணி வைத்து ஏறி
சும்மா உள்ளே இருந்துவிட்டு வருவாரே,
அதை எந்த நிரலில் போடுவது?

போன மாதம் ஒரு சனி இரவு, நித்திரை வராமல்,
என்னுடையதைக் கூட்டிப் பார்த்தேன்.
பிடித்தது, தேய்த்தது, விளக்குக் காட்டியது,
தூசி அரித்த கண்ணுக்குத் தண்ணீர் வார்த்தது.
மூவாயிரத்து நானூற்றுப் பதினெட்டு.
முழு வள்ளத்துக்கும் புத்தகம் சொன்னதை விடக் கூட.
அவருக்குச் சொல்லவில்லை.
எனக்கு நீந்தத் தெரியாது என்பதையும்
அவர் ஊருக்குச் சொல்லவில்லை.

இன்றைக்கு மை வந்தது, கொழும்பிலிருந்து,
மூன்று தகரம், வெள்ளை.
நாளைக்கு முதல் பூச்சு.
"கண்ணை மூடித் தடவிப் பார்" என்றார்,
ஒரு பேச்சுக்கு.

அணியத்தில் தொடங்கினேன்.
உள்ளங்கை தன்பாட்டில் போனது
ஆட்டின் விலா தடவுகிற மாதிரி.
முதல் வங்கு, இரண்டாவது, மூன்றாவது...
ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில் நின்றது.
ஒரு பள்ளம்.
பழைய இருபத்தைந்து சதக்குத்தி கிடக்கிற ஆழம்.
அவருடைய கை அதைத் தாண்டி
எத்தனை தரம் போயிருக்கும்.

சொன்னால்,
நிரப்ப, காய, தேய்க்க மூன்று கிழமை.
அதற்குள் ஐப்பசி மழை.
மழைக்குப் பிறகு வாடை.
பிறகு இன்னொரு வருசம், இன்னொரு கொப்பி.
சொல்லாவிட்டால்
ஆருக்கும் தெரியாது.
தண்ணிக்குக்கூடத் தெரியுமோ என்னவோ.

பின்னால் அவர் தகரத்தின் மூடியை
ஸ்குறூட்றைவரால் நெம்புகிறார்.
விசிலடிக்கிறார். பதினோரு வருசத்தில் முதல் தரம்.

கையை எடுக்காமல்,
கண்ணைத் திறக்காமல்,
"பென்சிலைத் தாங்கோ" என்றேன்.

விசில் நின்றது.
கொஞ்ச நேரம் ஆடு மட்டும் மென்றது.
பிறகு
மூடியைத் திரும்ப அமத்துகிற சத்தம்,
ஒரு சுற்று, முழுதாக.