இரண்டரை மணி

லாங்கென்தாலில் இறங்கும்போது எட்டு இருபது.
வருகிறோம் என்று பத்து நாள் முன்பே கடிதம் போயிருந்தது.
ஆகவே வண்ணம் காயாத சுவர்,
வரவேற்பு மேசையில் நேற்று வாங்கிய டூலிப்,
தீயணைப்பு உருளையில் புத்தம்புதுச் சீட்டு.
இயக்குநர் ஃப்ளூக்கிகர் கோப்பி நீட்டினார்.
வாங்கவில்லை, எங்கள் விதி.
தண்ணீர் குடிக்கலாம்.

குழாய்நீரின் சூடு சரி.
மருந்து அலுமாரிப் பூட்டு சரி.
தீக்கதவின் கீழே தரையில் ஒரு பிறைக்கீறல்,
மாதக்கணக்காய்ச் செருகியிருந்த மர ஆப்பை
இன்று காலைதான் உருவிய தடம்.
கீறலுக்குப் படிவத்தில் கட்டம் இல்லை.
ஓரத்தில் எழுதினேன்.

பதினேழாம் அறை. ஃப்ராவ் எஷ்லிமான்.
முதுகடியில் 'சிவத்தல்' என்கிறது தாள்.
உடம்பில் இருந்தது
ஐந்து ஃபிராங்க் நாணயம் புகுந்துவிடும் குழி.
என்னைத் தாதி என்று நினைத்து,
"சுவர்ப் பக்கம் போதும், ஜன்னல் பக்கம் திருப்பு" என்றார்.
திருப்புவது என் வேலை அல்ல.
மணியை அழுத்திவிட்டு நின்றேன்.
பதினான்கு நிமிடம்.
அதையும் எழுதினேன்.

இரவுத் தாள்களைக் கேட்டேன்.
இரண்டு மணிக்கொருமுறை புரட்டியதாய்
நீல மையில் குறிகள்,
எல்லாம் ஒரே சாய்வு, ஒரே மூச்சு.
பத்தரை. பன்னிரண்டரை. இரண்டரை. நாலரை.
மார்ச் கடைசி ஞாயிறிலும் அப்படியே.
அங்கே விரல் நின்றது.

அந்த இரவில் இரண்டரை மணி கிடையாது.
இரண்டைத் தொட்டதும் கடிகாரம் மூன்றுக்குத் தாவும்.
ஒருவரும் வாழாத ஒரு மணி நேரத்தை
நாடே கோடைக்குக் கொடுத்துவிடும்.
வராத அந்த நேரத்தில்
ஃப்ராவ் எஷ்லிமான் இடப்பக்கம் புரட்டப்பட்டிருக்கிறார்.
கையொப்பம்: த. ம.

இரவு வேலை முடித்தும் வீடு போகாமல் நின்ற
தவமலரோடு துணி மடிக்கும் அறையில் பேசினேன்.
ஜெர்மனில் தொடங்கியவர்
என் பெயர் அட்டையைப் பார்த்ததும் மாறினார்.
"பிள்ளை, குறி என்ர கைதான்.
விடியுமட்டும் உள்ளதைப் பத்து மணிக்கே போட்டு வைக்கச் சொல்லுவினம்.
ரெண்டு மாடி, நாப்பத்தொரு சனம், நான் ஒராள்.
ஆக்கள் காணாதெண்டு மூண்டுதரம் எழுதிக் குடுத்தனான்.
எங்க கிடக்கோ."
பிறகு, துவாயை மடித்தபடி,
"விசா செப்டம்பரில முடியுது."

'சொல்லுவினம்.'
எழுவாய் உள்ளே ஒளிந்துகொள்ளும் வினை.
ஜெர்மனில் எழுதப்போனால் ஆள் கேட்கும்.
'மன்' என்று ஒரு சொல் உண்டு,
எல்லோரையும் சுட்டும், ஒருவரையும் பிடிக்காது.
அதைப் போடவில்லை.
ஃப்ளூக்கிகரிடம் போய்க் கடிதங்களைக் கேட்டேன்.

மூன்றில் இரண்டு கிடைத்தன.
பெற்றுக்கொண்டதாய் முத்திரை.
இரண்டிலும் அவளுடைய இலக்கணப் பிழைகளை
யாரோ சிவப்பில் திருத்தியிருந்தார்கள்.
வேறு பதில் இல்லை.

நகல்களை அறிக்கையில் முதலில் வைத்தேன்.
த. ம. என்ற இரண்டெழுத்தை நீக்கவில்லை.
எனக்கு அதற்கு உரிமை இல்லை,
அல்லது துணிவில்லை.
எது என்று இன்னும் பிரிக்கத் தெரியவில்லை.

வெளியேறும்போது பதினேழைத் தாண்டினேன்.
ஃப்ராவ் எஷ்லிமான் ஜன்னலைப் பார்த்துக் கிடந்தார்.
யார் திருப்பினார்களோ,
தாளில் குறி இல்லை.