தவறவிட்ட பொருட்கள் பதிவேடு

ஊரின் பெயரை எழுதப் போவதில்லை.
பலகையில் தமிழுக்கு ஒரு கொம்பு குறைகிறது.
திருத்தித் தாருங்கள் என்று ஐந்து கடிதம் போட்டேன்,
ஐந்துக்கும் பதில் வந்தது: கிடைக்கப்பெற்றோம்.
கொழும்புக்குள்ளேதான்.
ஒரு பக்கம் கடல், மறுபக்கம் மெரைன் டிரைவ்,
நடுவில் இரண்டு மேடை, ஒரு தகரக் கூரை,
கம்பிக்குப் பின்னால் நான்.
காலி போகும் கடுகதி
எங்களுக்குக் காற்றை மட்டும் தரும்.

சேவைகள் என்று சுவரில் இருக்கிறது:
பிரயாணச்சீட்டு. பருவச்சீட்டு.
பொதி அனுப்புதல் நின்று எவ்வளவோ காலம்;
வெள்ளையடித்தவன் பாதியை அழித்துவிட்டுப் போனான்,
இப்போது வெறும் அனுப்புதல்.
சுவரில் இல்லாதவை:
மழைக்கு ஒதுங்க இடம்,
ஒரே குடைக்குள் இருக்கும் இரண்டு பேருக்கு
மூன்றாவது தூணின் மறைவு,
மாத்திரை விழுங்க ஒரு வாய் தண்ணீர்,
இது பாணந்துறைக்குப் போகுமா என்றால்
ஓம், ஔ, யெஸ்,
நாளுக்கு எண்பது தடவை.

வரலாறு?
போர்ட்டர் சல்டீனுக்கு அது ஒரு மூச்சு:
வெள்ளைக்காரன் போட்டான், கடல் அரிச்சது,
நாங்க கல்லுக் கொட்டினோம். அவ்வளவுதான் மிஸ்.

வவுனியாவிலிருந்து மாற்றலாகி வந்த முதல் வாரம்
கார்பன் தாள் தேடி அலுமாரியைக் கிளறியபோது
அந்தப் பதிவேடு.
எழுத்துக் கூட்டித்தான் சிங்களம் படிப்பேன் அப்போது.

1961. கறுப்புக் குடை, பிரம்புப் பிடி.
1961. மேற்படி குடை, மீண்டும்.
1968. பல்செட், மேல்வரிசை.
உரியவர் வந்தார், போட்டுப் பார்த்தார்,
ஒப்பமிட்டார்.
1974. பாண், ஒரு இறாத்தல்.
பழுதாகும் என்பதால் அப்புறப்படுத்தப்பட்டது.
கீழே மூன்று ஊழியரின் கையொப்பம்.
சிரித்துக்கொண்டேதான் தாளைப் புரட்டினேன்.

1983 யூலை, இருபத்தைந்து.
செருப்பு, பெண், இடக்கால்.
செருப்பு, சிறுவர், வலக்கால்.
மூக்குக்கண்ணாடி, ஒன்று.
செருப்பு. செருப்பு. செருப்பு.
பால்போத்தல், பாதி.
திறப்புக் கோர்வை, ஐந்து திறப்புகள்.
பக்கம் நிரம்பி, அடுத்த பக்கமும்.
ஒரே கை, உருண்டை எழுத்து,
ஒவ்வொன்றுக்கும் இலக்கம்.
நிலைய அதிபர் லயனல் வீரக்கொடி.
மேடை முழுக்க அவர்தான் பொறுக்கியிருப்பார்,
மேலே புகை போய்க்கொண்டிருந்திருக்கும்.
பொறுக்கியதற்கு முன் என்ன செய்தார்,
எதைத் தடுத்தார், எதற்குக் கதவைச் சாத்தினார்,
அதற்கு நிரல் இல்லை.

மூன்று மாதம் கடந்தால் ஏலத்துக்கு.
சட்டம் அப்படி.
அவர் அனுப்பவில்லை.
உரிமை கோரியவர் என்ற கட்டத்தில்
ஒவ்வொரு யூலையிலும் ஒரே சொல்:
காத்திருப்பில்.
எட்டு வருடம். பிறகு வேறு கையெழுத்து, வேறு மை,
மீண்டும் குடைகள்.

செருப்புகளைக் கறையான் கொண்டுபோயிற்று.
திறப்புக் கோர்வை இருக்கிறது,
ஒரு பிஸ்கட் டின்னுக்குள்.
அந்தக் கதவுகள் எரிந்திருக்கலாம்,
எரியாமல் யாரோ பூட்டை மாற்றியிருக்கலாம்.
திறப்புக்காரர் ரொறன்ரோவில்
நாலாவது பூட்டோடு இருக்கலாம்.
இல்லாமலும் இருக்கலாம்.
கடல்காற்றுக்கு இரும்பு தாங்காது.
மாதம் ஒருமுறை ஒவ்வொன்றுக்கும்
ஒரு துளி தேங்காயெண்ணெய் விடுகிறேன்.
பரிசோதகர் வந்தபோது டின்னைத் திறந்து பார்த்தார்.
இது என்ன?
சேவை, என்றேன்.
மூடி வைத்தார்.

இன்று காலை ஒரு குடை. நீலம், ஒரு கம்பி முறிவு.
தமிழிலே பதிந்தேன், கொம்பெல்லாம் சரியாக.
ஆறு நாற்பது வருகிறது.
சில்லறை இருந்தால் எடுத்து வையுங்கள்.