பனிக்கும் காதுண்டு

எங்கள் வீட்டில் யாரும் மெதுவாகப் பேசியதில்லை.
போத்தி துறைமுகம். கப்பல் பட்டறையில்
அப்பாவுக்குத் தறையாணி அடிக்கும் வேலை.
முப்பத்தைந்தில் இடது காது போனது,
நாற்பதில் வலது.
உப்பை எடு என்பதைக்கூட
தீப்பிடித்த வீட்டுக்கு ஆள் கூப்பிடுகிற மாதிரிதான் சொல்வோம்.
கொஞ்சலும் அதே சத்தத்தில்.
என் காதல் முறிந்த அன்று
மூன்று வீடு தள்ளி ஒருத்தி கண்ணைத் துடைத்தாள்.

பனியளக்கும் வேலையில் சேர்ந்தேன்.
ஸ்வானேத்தி மலையில் ஓர் ஊருக்கு அனுப்பினார்கள்,
வரைபடத்தில் அதன் பெயர் எழுத இடம் பற்றாது.
கல்கோபுரங்கள், ஒரு பள்ளிக்கூடம்,
தலைக்கு நேர் மேலே
எந்நேரமும் எழுந்துவிடக்கூடிய வெள்ளை.

நவம்பர் வந்தால் மாட்டின் கழுத்து மணிக்குள்
கம்பளி அடைக்கிறார்கள்.
கதவுகளுக்கு ஆட்டுத்தோல் கீல்.
பிள்ளை பெறுகிறவள் தோல்வாரைக் கடித்துக்கொள்கிறாள்.
சண்டை உண்டு, புருவத்தால் போடுகிறார்கள்.
கைக்குழந்தை மட்டும் அழலாம்,
அதுவும் முதல் பல் முளைக்கும் வரை.
'அமைதியான சுபாவம்' என்று
என் முதல் அறிக்கையில் எழுதினேன்,
குளிரில் நடுங்குகிறவனைப் பார்த்து
ஆடத் தெரிந்தவன் என்று எழுதுகிற மாதிரி.

பிமூர்ஸா எல்லோருக்கும் பின்னால் நடப்பார்.
விருந்தில் அவர் கோப்பையும் நிரம்பும்;
வாழ்த்துச் சொல்லும் முறை மட்டும்
அவரிடம் நிற்காமல் தாண்டிப் போகும்.
பதினேழு வயதில், ஒரு பிப்ரவரிக் காலையில்,
ஓடிப்போன நாயைச் சீழ்க்கையடித்துக் கூப்பிட்டாராம்.
பனி வந்தது.
ஒன்பது பேர். அதில் அவர் அண்ணனும்.
யாரும் அடிக்கவில்லை, துரத்தவில்லை.
'பனியைக் கூப்பிட்டவன்' என்றார்கள்,
அதையும் மெல்லத்தான்.
அன்றிலிருந்து எங்கே சரிந்தாலும்
மண்வெட்டியோடு முதலில் நிற்பது அவர்தான்.
கல்யாணம் செய்துகொள்ளவில்லை.
நாயும் வளர்க்கவில்லை.

ஜனவரியில் பள்ளிக்கூடத்தில் கூட்டம் போட்டேன்.
படங்களை மாட்டி, போத்திக் குரலில் சொன்னேன்:
மனிதக் குரலுக்கு அந்த வலு கிடையாது.
கனம், காற்று, வெயில், அடியில் இற்றுப்போன அடுக்கு,
இவைதான். நீங்கள் பாடலாம்.
ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.
எல்லோரும் கூரையைப் பார்த்தார்கள்.
பிறகு, ஒவ்வொருவராக, அவரை.
பிறகு தரையை.
பாடியதற்காக மகனை அறைந்தவள் நசிப்ரோலா,
கீழே இறங்கிப் போனவன் திரும்பவேயில்லை,
"அப்படியென்றால்..." என்று எழுந்தாள்.
முடிக்காமலே உட்கார்ந்தாள்.

கூட்டம் கலைந்தபின் பிமூர்ஸா வந்தார்.
இன்னொரு தடவை இதைச் சொல்ல வேண்டாம், என்றார்.
நாற்பத்தோரு வருஷம்
அதைக் கட்டிக்கொண்டுதான் படுத்தேன், எழுந்தேன்.
இப்போது பிடுங்கிவிட்டால்
மண்வெட்டியை எதற்குத் தூக்குகிறேன் என்று
யோசிக்க வேண்டிவரும்.
படத்தை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டார்.
நான்காய் மடித்து உள்பையில் வைத்தார்.

அந்த வார விருந்தில் முறை அவரிடம் நின்றது.
எழுந்தார். கோப்பை தளும்பியது.
உதடு அசைந்ததைப் பார்த்தோம்;
என்ன வாழ்த்தினார் என்று
ஒட்டி உட்கார்ந்திருந்தவருக்கும் தெரியாது.
குடித்தோம்.
மணிகளுக்குள் கம்பளி அப்படியே இருந்தது.

மார்ச்சில் அம்மாவுக்கு ஃபோன் போட்டேன்.
பனியின் கனத்தைப் பற்றி எனக்குத் தெரிந்த அளவு
அந்த மலையில் யாருக்கும் தெரியாது.
"சத்தமாப் பேசுடி" என்று கத்தினாள்,
"அங்க யாராவது தூங்குறாங்களா?"
ஜன்னல் வழியே மேலே பார்த்தேன்.

ஆமாம், என்றேன்.