மூன்று மில்லிமீட்டர்

நகரத் திட்டமிடல் முதுநிலை, மூன்றாம் பருவம்.
சீட்டுக் குலுக்கியதில் எங்கள் அணிக்கு
விழுந்தது திருத்துறைப்பூண்டி.
என் ஊர் என்பதால் அறை பிடிக்கும் வேலை எனக்கு.
உரக்கடை மாடி. யூரியா வாடையில்
நாலு மடிக்கணினி, ஒரு மின்விசிறி,
தரை முழுக்க
ஒன்றுக்கு நாலாயிரம் அளவில் ஊர்.

குடியிருப்பு மஞ்சள். பள்ளி, கோயில், தாலுகா ஆபீஸ் சிவப்பு.
வயல் பச்சை. கடைத்தெரு நீலம்.
நீரும் நீலம்தான், கொஞ்சம் வெளிறியது;
ஜெராக்ஸ் எடுத்தால் இரண்டும் ஒன்றாகிவிடும்.
மைமூன் மஞ்சள் பேனாவை உதறி உதறித் தீட்டுகிறாள்.
எப்போதும் முதலில் தீர்வது மஞ்சள்.

கணக்கெடுப்புப் படிவத்தில் ஏழாவது கேள்வி:
இந்த வீட்டில் வசிப்போர் எத்தனை பேர்?
முள்ளியாற்றுக் கரையில் ஒருவர்
வாயிலிருந்து வேப்பங்குச்சியை எடுத்துவிட்டுக் கேட்டார்:
"இன்னைக்கா, பொங்கலுக்கா?"
மகன் திருப்பூர். மருமகள் மஸ்கட்.
குலோத்துங்கன் ஒன்று என்று போட்டான்.
நான் அடித்து ஆறு என்று எழுதினேன்.
பிறகு மூன்றரை என்று வைத்துச் சிரித்தோம்.
அந்தச் சிரிப்பு
இரண்டாயிரத்து நாற்பத்தொன்றின் மக்கள்தொகையில்
ஏதோ ஒரு தசமப் புள்ளிக்குப் பின்னால்
இன்னமும் உட்கார்ந்திருக்கிறது.

ஊருக்குத் தெற்கே ஒரு தாக்கு.
வைகாசியில் ஆட்டுக்கிடை.
ஐப்பசியில் தண்ணீர்.
தையில் அறுப்பு.
பங்குனியில் பையன்கள் குச்சி நட்டு கிரிக்கெட்.
நில உபயோகம் என்ற தலைப்பின் கீழே
மாதம் எழுத இடமே இல்லை.

லஸ்கர் அற்புதராஜ் சைக்கிளிலிருந்து இறங்காமல்
ஒற்றைக் காலை ஊன்றிக் காட்டினார்:
"தண்ணி இங்கதான் வந்து உக்காரும். பதினோரு நாளு.
அப்புறம் அதுக்கா தோணுனா போவும்."
மின்கம்பத்தில் சேற்றுக்கோடு என் இடுப்பு உயரம்.
அளந்தோம். படம் எடுத்தோம்.
திட்டப் படத்தில் வடிகாலை ஒட்டி
சாய்கோடுகள் இழுத்து எழுதினேன்:
கட்டுமானம் கூடாது.
என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால்
எழுத்து வேலையெல்லாம் எனக்குத்தான் தள்ளுவார்கள்.

வியாழக்கிழமை இரவு அம்மா ஒரு போட்டோ அனுப்பினாள்.
மஞ்சள் பெயிண்ட் அடித்த நாலு கல்,
நடுவில் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு
கண்டக்டர் சட்டையிலேயே அப்பா.
'அட்வான்ஸ் குடுத்தாச்சு. நாப்பதுக்கு முப்பது.
கிழக்கு பாத்தது. உனக்குத்தான்டி முதல்ல சொல்றேன்.'
பின்னாலேயே சர்வே எண்.
அதைத் தேட வேண்டியிருக்கவில்லை,
மனப்பாடமாகவே தெரியும்.

நாற்பதடி என்பது பன்னிரண்டு மீட்டர் சொச்சம்.
தாளில் மூன்று மில்லிமீட்டர்.
பேனா முனையே ஒரு மில்லிமீட்டர் இருக்கும்.
கோடு கொஞ்சம் தெற்கே ஒதுங்கினால்
வாய்மொழித் தேர்வில் யார் ஸ்கேல் வைத்துப் பார்க்கப் போகிறார்கள்?
இதுவோ ஒரு வகுப்புப் படம்.
எந்த அரசாணையும் இதைப் பார்த்து வராது.
தண்ணீரும்
இதைப் பார்த்து வராது.

மற்றவர்கள் தூங்கிய பிறகு
அழிரப்பரை எடுத்து
அதன் முனையை நகத்தால் கிள்ளிக்கொண்டே இருந்தேன்.
பிறகு மாடிப்படியில் இறங்கிப் போன் போட்டேன்.
மணி பதினொன்றேகால்.

"எப்பம்மா காமிச்சாங்க?"
"சித்திரையில. ஏன்?"
பி.எஃப். லோன், வளையல், சித்தப்பா கொடுத்தது என்று
கணக்குச் சொல்லிக்கொண்டே வந்தவள்
சட்டென்று நிறுத்தினாள்.
என் படிப்பு என்னவென்று
இரண்டு வருடமாகக் கேட்காதவள்.

"உன் படத்துல கோடு எங்கடி போவுது?
நம்ம மனைக்கு அந்தாண்டயா, இந்தாண்டயா?"

கடை ஷட்டரில் மழைக்கால விதை விளம்பரம்,
போன வருடத்தது, ஓரம் கிழிந்து ஆடிற்று.

"நடுவுலம்மா" என்றேன்.