பதினொரு சதுர மீட்டர்

அறை கிடைத்துவிட்டது, க்ரோனிங்கனில்.
இங்கே இரவு பத்து, அங்கே மாலை நான்கு.
வீட்டுக்கார அம்மாள் கைப்பேசியை
அரிக்கேன் விளக்குபோல் தூக்கிப் பிடித்து
மாடிப்படி ஏறிக் காட்டினாள்.
படி என்பது ஒரு மரியாதைக்கு. அது ஏணி.
மூச்சு வாங்கக் கேட்டாள்: "நீ என்ன உயரம்?"
கூரை ஒரு பக்கம் சரிந்து வருகிறதாம்.
நூற்று ஐம்பத்தாறு என்றேன்.
என் உயரத்துக்காக
ஒருவர் மகிழ்ந்தது அதுதான் முதல்முறை.

பிறகு தரையைக் காட்டினாள்.
தரை இல்லை.
வெறும் அடிப்பலகை, பசைத் தழும்புகள்.
முன்பிருந்தவன் பெயர்த்துக்
கையோடு கொண்டுபோய்விட்டானாம்.
அந்த ஊரில் தரை அவரவருடையது.
"வீவக கேட்டால் மயங்கி விழும்,"
என்றான் யுகேந்திரன், பின்னாலிருந்து எட்டிப் பார்த்து.

இரண்டே முக்கால், நான்கு.
எண்ணாகப் பார்த்தால் எனக்கு எதுவும் பிடிபடாது.
ஞாயிறு காலை
தெக் வாயில் எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில்
அளவுநாடாவும் மாஸ்கிங் டேப்புமாகக் குனிந்தேன்.
தூணில் இருக்கும் பலகை
பந்து விளையாடாதே என்கிறது,
சைக்கிளை இறங்கித் தள்ளு என்கிறது.
அறை கட்டுவதைப் பற்றி ஒரு வரி இல்லை.

இது கட்டில். இது மேசை.
இது முகம் கழுவும் தொட்டி, ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலம்.
இந்தக் கோட்டுக்கு அப்பால் நிமிர்ந்தால் தலை இடிக்கும்.
தாண்டும்போதெல்லாம் குனிந்து பழகினேன்,
எனக்கு மேலே எட்டாத உயரத்தில்
சும்மா கிடந்த கூரையின் கீழ்.
ஜன்னல், தபால் பெட்டிகள் இருக்கும் பக்கம்.
கழுத்தை நீட்டினால் கால்வாய் தெரியுமாம்.

மார்க்கெட் பையோடு வந்த திருமதி இங்
கட்டிலைச் சுற்றிக்கொண்டு லிஃப்டுக்குப் போனார்.
ஒரு குழந்தை சுவருக்குள் புகுந்து ஓடியது.
யுகேந்திரன் கட்டிலில் மல்லாந்தான்.
முகாமிலிருந்து நேற்று வந்தவன்,
இன்றிரவே திரும்ப வேண்டியவன்,
எங்கே படுத்தாலும் தூங்குவான்.
"டிசம்பரில் நாலேகாலுக்கே இருட்டிவிடுமாம்," என்றேன்.
"விளக்கு வாங்கு," என்றான் கண் திறக்காமல்.
வருஷம் முழுக்க ஏழு மணிக்கே
பொழுது சாயும் ஊரில் பிறந்தவன்.

அப்போதுதான் தவசி வந்தார்,
நகர மன்றத்துச் சட்டை, தோளில் தண்ணீர்க் குழாய்.
"என்னங்க, பாண்டிக் கட்டமா?"
"அறை. நான் படிக்கப் போகிற ஊரில்."
"எத்தனை பேருக்கு?"
"எனக்கு."
அவர் உதடு அசைந்தது.
கண் சுவரிலிருந்து சுவருக்குப் போய் வந்தது.
அடுக்குக் கட்டில் போட்டுப் பார்க்கிறார் என்பது
எனக்குத் தாமதமாகத்தான் புரிந்தது.
"இப்படி நாலு, அப்படி நாலு," என்றார்.
"சரிவுக்குக் கீழே பெட்டிகளை வச்சுக்கலாம்."
அதில் குறை ஏதுமில்லை, கணக்குதான்.
ஆனாலும் நான்
கட்டிலின் ஓரத்தை ஒரு சாண் உள்ளே நகர்த்தினேன்.
எதற்கென்று தெரியவில்லை.

"கதவு எங்க வச்சீங்க?"

பார்த்தேன். நான்கு பக்கமும் டேப்.
அந்த அம்மாள் கதவு வழியாகத்தான் நுழைந்தாள்,
அதனால்தான் அது படத்தில் இல்லை.
எட்டு மாதம் விண்ணப்பம், நேர்காணல், விசா,
குளிர்சட்டைக்குத் தள்ளுபடி தேடிய இரவுகள்,
எதிலும் நான் கேட்காதது.

பன்னிரண்டு மணிக்குள் கழுவியாக வேண்டும் அவருக்கு.
"அந்தக் கோடியிலேருந்து வர்றேன், மெதுவா எடுங்க,"
என்று குழாயை இழுத்துக்கொண்டு போனார்.
தண்ணீர் வரும் சத்தம் தூண் தூணாக நெருங்கியது.
யுகேந்திரனை எழுப்பினேன்.
டேப்பைப் பிய்த்தேன்: முதலில் ஜன்னல், பிறகு மேசை.
அடிப்பக்கம் முழுக்கச் சாம்பல் நிறத் தூசு,
யாருடையதோ ஒரு நரைமுடி, அரிசி மணி,
இருபத்தேழு வருஷம் நான் மிதித்த தரையின் மேல்தோல்.
சுருட்டினால் ஒரு கைப்பிடிப் பந்து.

பையில் போடப் போனேன்.
யுகேந்திரன் பிடுங்கி,
பலகை இருக்கும் தூணில்
ஓங்கி ஒருமுறை அடித்தான்.