டார்ச்

கிபுயே சந்தையில் மூன்றாம் வரிசை,
குடை ரிப்பேருக்கும் முட்டைக் கடைக்கும் நடுவே
என் கடை: ஒரு மேஜை, ஒரு விளக்கு, பதினாறு திருப்புளிகள்.

அபோண்டி போனை வைத்தபோது
முதலில் மீன் வாசம் வந்தது, பிறகு சூடு.
"மத்தியானத்துக்குள் செத்துப்போகிறது," என்றாள்,
"நான் யாரோடும் பேசாத நாளிலும்."

பேசாத போன் களைத்துப்போனால்
வேறு யாரோ அதனிடம் வேலை வாங்குகிறார்கள்.

திறந்து பார்த்தேன்.
டார்ச் என்று ஒரு செயலி. மஞ்சள் நிறத்தில் சிரிக்கிற பல்பு.
வெளிச்சத்துக்கு அது கேட்ட கூலி:
குறுஞ்செய்திகள், தெரிந்தவர் எண்கள் எல்லாம்,
மற்றச் செயலிகளின் மேல் ஏறிக் குந்தும் உரிமை.
ஒவ்வொன்றுக்கும் அனுமதி கொடுத்திருந்தாள்.
படகுத்துறை இருட்டில், இடுப்பில் கூடையோடு
யார்தான் நின்று படிப்பார்கள்?

மூன்று இரவுகள்.
எண்ணூறு, எண்ணூறு, அப்புறம் துணிந்து ஆயிரத்து இருநூறு ஷில்லிங்.
பணம் போன செய்திகள் வந்துதான் இருக்கின்றன;
அவள் விழிக்குமுன் அதுவே படித்து
அதுவே அழித்திருக்கிறது.

திட்டுவாள் என்றிருந்தேன். சிரித்தாள்.
"ஒமேனா பிடிக்க நாங்கள் செய்வதுதானே.
நிலா இல்லாத ராத்திரி ஏரியில் விளக்கை மிதக்கவிடுவோம்.
மீன் தானாக வரும்.
வலை அப்புறம்தான்."

"யார் அனுப்பியது?"
"என் நாத்தனார்."
"அவள் போனையும் கொண்டு வா."
"அவள் இதைக் கரை முழுக்க அனுப்பியிருக்கிறாளே!"

எல்லாவற்றையும் துடைக்க வேண்டும் என்றேன்.
"இரு," என்று என் பேனாவைப் பிடுங்கினாள்.
முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை எழுதினாள்:
சப்பாத்திக் கடை ஒபோன்யோ, நான்கு டின்.
ந்யாங்வேசோவின் இரண்டாம் மனைவி, ஒன்பது.
"இதைத் திருடுகிறவன்
கையை வெட்டிக்கொண்டுதான் போகவேண்டும்."

போன் அணைந்து,
நேற்றுப் பிறந்ததுபோல் விழித்து,
உன் மொழி எது என்று கேட்டது.
லுவோ தேடினாள். இல்லை.
சலித்துக்கொண்டு ஸ்வாஹிலியைத் தொட்டாள்.

கண்ட இடத்திலிருந்து செயலி இறங்கும் வழியை அடைத்தேன்.
புதுப் பூட்டு எண்ணை அவள் அழுத்தும்போது
முட்டைக் கடைப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.
அதைப் பார்த்திருக்கிறாள் போல;
பேரம் பேசாமல் பணம் தந்தாள்,
மேலே ஒரு பொட்டலம் காய்ந்த மீன்.

ஆறரைக்கு மின்சாரம் போனது.
சந்தையெங்கும் போன்கள் ஒவ்வொன்றாக
விளக்கேற்றிக்கொண்டன:
தக்காளி மேல், சில்லறை மேல்,
தூங்கும் குழந்தையின் மூக்கின் மேல்.
என் கையும் சட்டைப் பைக்குப் போய்
அங்கேயே நின்றது.

இருபத்து மூன்று வரை எண்ணினேன்.
எத்தனை பல்புகள் சிரிக்கின்றன என்று
இங்கிருந்து தெரியவில்லை.